முப்பத்தோராம் நாள் மலரில் என் மனைவியைப் பற்றி எதை எழுதுவது?

கோண்டாவில் வாத்தியார்:

அன்புடையீர், வணக்கம். என் மனைவியார் விசுவாவசு ஆண்டு ஆவணி மாதத்து அபரபக்க நவமியில் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் கிரியைகளாகக் கீரிமலையில் அந்தியேட்டியும் வீட்டில் கிருத்தியமும் நடைபெற இன்னும் பதினாறு நாள்கள் இருக்கின்றன. அதற்குள் நினைவு மலரை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தேவாரம், திருவாசகம், திருப்புராணம் ஆகியவற்றைத் தொகுத்து முடித்துவிட்டேன். வம்சாவழியை மகள் வரைந்து தந்துவிட்டாள். "வாழ்க்கை வரலாறு" என்று தலைப்பிட்ட தாள் மட்டும் ஒன்பது நாள்களாக வெறுந்தாளாகவே மேசையில் கிடக்கிறது.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் ஒரு செத்தவீடு நடந்தால், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலருக்குப் பாட்டெழுதித் தருமாறு கேட்டு என்னிடம் வருவது வழக்கம். திதி வெண்பா, கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறந்தவர் பெண்ணாக இருந்தால் "குலவிளக்கு" என்றும் "விருந்தோம்பலில் சிறந்தவர்" என்றும் "கணவரின் குறிப்பறிந்து நடந்தவர்" என்றும் எழுதுவேன். அந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால், அவற்றை எழுதுவதற்கு அந்த அம்மையாரை நான் ஒருமுறைகூடக் கண்டிருக்க வேண்டியதில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அந்த வரிகளையே என் மனைவிக்கும் எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது வேறு யாரோ ஒருவரின் கல்வெட்டைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது.

பத்திரிகைக்குக் கொடுத்த மரண அறிவித்தலும் அப்படித்தான் அமைந்தது. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் பேத்தியாரும் என்று பதினான்கு வரிகள் வந்தன. எல்லா உறவும் சரியாகவே இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளில் அவர் கையால் நடந்த ஒரு காரியமாவது அந்தப் பதினான்கு வரிகளுள் இல்லை.

அவருடைய சீதன வீட்டில்தான் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். இப்போதும் அதில்தான் இருக்கிறேன். இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எழுத வராமல் நிற்கிறேன். ஆதலால், அவரை அறிந்தவர்களிடம் பணிவாகக் கேட்கிறேன். புகழுரை வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமான ஏதாவது ஒன்றை எழுதி உதவுங்கள்.

இணுவில் பெரியவர்:

வாத்தியாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அம்மையாரின் கையால் நானும் பல தடவை உண்டவன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கல்வெட்டு என்பது சாமியறையில் வைத்துப் பேணும் நூல். அதைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது பஞ்சபுராணத்தை. வாழ்க்கை வரலாறு இரண்டு பக்கத்துக்குள் அடக்கமாக இருப்பதே முறை. புதுமை செய்வதாக எண்ணிச் சிலர் இப்போது திதி வெண்பாவையே விட்டுவிடுகிறார்கள். அது அலங்காரத்துக்கு வந்த பாட்டு அன்று. ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்னும் பக்கம், திதி ஆகிய நான்கையும் நான்கு அடிகளுக்குள் கட்டி வைத்தால்தான், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேரன் எந்த நாளில் திவசம் கொடுப்பது என்று தேடி அலையாமல் இருப்பான். ஆங்கிலத் தேதியை வைத்துக்கொண்டு திவசம் கொடுக்க இயலாது. புலம்பலையும் விட்டுவிட வேண்டாம். ஊரே வாத்தியாரிடம் வாங்கிய புலம்பல் வாத்தியாரின் மனைவிக்கு இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்?

ரொறன்ரோ மூத்தவன்:

அப்பா, நான் இங்கே எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தொலைபேசியில் சொல்ல வருவதில்லை, குரல் அடைத்துவிடுகிறது.

பெரியவர் சொல்வதுபோலத் திதி வெண்பா இருக்கட்டும். பிள்ளைகள் புலம்பல் என்ற பெயரில், நான் சொல்லாத சொற்களை என் வாயில் வைத்து அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக நான் சொல்லக்கூடிய இரண்டு விடயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1993இல் கிளாலிக் கடலைப் படகில் கடந்து நான் கொழும்புக்குப் போனேன். "மாஸ்டர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினார்" என்றுதான் ஊரில் இன்றும் பேச்சு. அந்தப் பயணத்துக்கு விற்ற நான்கு பரப்புத் தோட்டக் காணி அம்மாவின் சீதனம். விற்பதா வேண்டாமா என்று நீங்கள் நான்கு நாள் யோசித்தீர்கள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா காணி உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து உங்கள் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் குசினி வாசலில் நின்றேன். ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தக் காணியில் தாம் வெங்காயம் நட்ட கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன அம்மா, அது கைமாறிய பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மற்றையது தூள். இங்கே தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணத் தூள் என்று எத்தனையோ வகை விற்கிறது. ஆயினும் யாராவது ஊருக்குப் போய் வந்தால் அவர்களுடைய பெட்டியில் அம்மாவின் பொதி ஒன்று வந்துவிடும். மிளகாயை வேறாகவும், மல்லியை வேறாகவும், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம் ஆகியவற்றைச் சேர்த்தும், வெந்தயத்தைக் கடைசியில் சட்டி ஆறிக்கொண்டிருக்கும்போதும் வறுப்பார். வெந்தயம் ஒரு கணம் பிந்தினாலும் முழுத் தூளும் கைக்கும் என்பார். மில்லில் தமக்கு முன்னால் யாராவது வேறு சாமான் அரைத்திருந்தால், முதலில் ஒரு சுண்டு அரிசியைப் போட்டு அரைத்து மில்லைத் துடைத்த பிறகுதான் தமது தூளைப் போடுவார். பொதிக்குள் எப்போதும் இரண்டு பைகள் இருக்கும். ஒன்றில் "பெரியாக்கள்" என்றும் மற்றதில் "பிள்ளையள்" என்றும் நீலப் பேனையால் எழுதியிருப்பார். பிள்ளைகளின் பையில் மிளகாய் பாதி. இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கடைசியாக வந்த பொதியிலும் அவளுக்குப் "பிள்ளையள்" பைதான். அதை அவள் பிரிக்கவில்லை. குளிரூட்டிக்குள் அப்படியே வைத்திருக்கிறாள்.

பின் வளவு:

மாஸ்டர், உங்கள் பின் வளவில் முன்பு இருந்த குடும்பம் நாங்கள். இப்போது வவுனியாவில் இருக்கிறோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது உங்கள் குடும்பத்துடன்தான் நாங்களும் நடந்தோம். எனக்கு அப்போது பிள்ளை பெற்று மூன்று மாதம். என் கணவர் வன்னியில் அகப்பட்டிருந்தார். அக்கா வேலியால் வந்து, "பிள்ளையைத் தூக்கு, கதவைச் சாத்து, அடுப்பில தண்ணி ஊத்தினியோ?" என்று மூன்று சொன்னார். வேறு எதையும் யோசிக்க எனக்கு நேரம் தரவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது. யோசித்திருந்தால் விறாந்தையிலேயே இருந்து அழுதிருப்பேன்.

செம்மணி வெளியில் மழை பிடித்துக்கொண்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். முன்னால் போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் கால்மணி நேரம் நின்றோம். அக்கா தம்முடைய நூல் சீலை ஒன்றைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பிள்ளைக்குத் துணி மாற்றினார். விடியுமட்டும் நான்கு தடவை மாற்றியிருப்போம். என் மகனுக்கு இப்போது முப்பது வயது. அந்தச் சீலையின் முந்தானை இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

ஒரு விடயம் மட்டும் எனக்கு அன்று முதல் விளங்கவில்லை. அக்காவின் தோளில் ஓர் உரப்பை இருந்தது. அதற்குள் உறுதிகள், பிறப்பு அத்தாட்சிகள், மூன்று கொத்து அரிசி, ஒரு சருவச்சட்டி, அத்துடன் கடதாசியில் சுற்றிய பொதி ஒன்று. மழை வந்தவுடன் கையில் இருந்த ஒரேயொரு பொலித்தீன் துண்டை அவர் அந்தப் பொதிக்குத்தான் சுற்றினார். உறுதிகளைத் தம் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பாரம் தாங்காமல் நடக்கிறார் என்று கண்டு மாஸ்டர் கோபத்தோடு, "அந்தப் பொதியை எறியும்" என்றீர்கள். "இது எங்கட சாமான் இல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நீங்களும் கேட்கவில்லை. அது யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசித் தங்கச்சி:

அத்தான், நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். கேட்காவிட்டால் என்னோடு போயிருக்கும்.

அக்கா எட்டாம் வகுப்புடன் நின்றவர் என்று உங்கள் பக்கத்து உறவினர் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதத்திலும் தமிழிலும் திறமைச் சித்தி பெற்றவர் அக்கா. இலவசக் கல்வி வந்த பிறகு எங்கள் ஒழுங்கையிலிருந்து அந்தப் பரீட்சையை எடுத்த முதல் பெண்ணும் அவர்தான். எங்கள் ஐயா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

திருமணமான அடுத்த ஆண்டு, 1974இல், ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருப்பதாக அக்காவுக்குக் கடிதம் வந்தது. அந்த நேரம் உங்கள் அம்மா பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். தோட்டத்திலும் வேலை நெருக்கம். வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. 1977இல் மறுபடியும் திறந்துவிடும்வரை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்து நின்ற காலம். செம்பாட்டு மண்ணில் ஒரு பரப்பையாவது சும்மா விட யாருக்கும் மனம் வராது. அக்கா கடிதத்தை உங்களிடம் காட்டினார். நீங்கள் வாசித்துவிட்டு, "உம்முடைய விருப்பம்" என்று சொன்னீர்களாம்.

நீங்கள் மறுக்கவில்லை, அதை அக்காவும் எப்போதும் சொல்லுவார். ஆனால் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரே ஓர் ஆள் இருக்கிற வீட்டில் "உம்முடைய விருப்பம்" என்றால் அதற்குப் பொருள் என்ன, அத்தான்? அக்கா அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஐயாவின் படத்துக்குப் பின்னால் வைத்தார். 1987 ஒக்டோபரில் எங்கள் வீட்டில் ஷெல் விழுந்தபோது படமும் கடிதமும் சேர்ந்து போயின. அக்கா அழுததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான். ஐயாவின் படத்துக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் முடிவு. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

கோண்டாவில் வாத்தியார்:

தங்கச்சி, நீர் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அந்தக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. விறாந்தையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு, நீர் சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்ணின் முடிவில் தலையிடாத கணவன் என்று அன்று என்னைப் பற்றி நானே நல்லபடியாக எண்ணிக்கொண்டதும் நினைவிருக்கிறது. மாலையில் வந்தபோது அவர் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது ஐம்பது ஆண்டுகள்.

என்னிடம் படித்த எத்தனையோ பெண்பிள்ளைகளை வீடுவீடாகப் போய்ப் பெற்றோருடன் வாதாடிப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தவன் நான். அவர்கள் நன்றி சொல்ல வந்தபோது தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.

இது மலரில் வரும். என் சொற்களிலேயே எழுதுவேன்.

மகனே, காணியைப் பற்றி நீ எழுதியது சரி. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி மனைவியின் சீதனக் காணியை மனைவி விற்பதற்கும் கணவனின் சம்மதம் வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த வழமையின் அந்தப் பகுதி இன்றும் நடைமுறையில் உள்ளது. நொத்தாரிசின் முன்னால் என் கையொப்பத்தைக் கேட்டபோது, அந்தக் காணியை நானே கொடுப்பதுபோல ஒரு பெருமிதத்தோடுதான் பேனையை எடுத்தேன். கொடுத்தவர் என் பக்கத்தில் இருந்தார்.

பின் வளவுத் தங்கச்சி கேட்ட பொதியைப் பற்றி எனக்கும் தெரியாது. அன்றைக்குப் பிறகு அதை நான் காணவில்லை.

சுவடி தேடுபவள்:

ஐயா, வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் மாணவி. உங்கள் குடும்பத்தாரை எனக்குத் தெரியாது. ஆயினும் இந்த உரையாடலில் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பிறகும் போர், இடப்பெயர்வு, கறையான் ஆகியவற்றால் வீடுகளில் இருந்த கடிதங்களும் கொப்பிகளும் அழிந்தன. இந்த நிலையில் எங்கள் ஊர்களின் சாதாரண மக்களைப் பற்றி அச்சில் எஞ்சியிருப்பவற்றுள் கல்வெட்டுகளுக்கு முக்கியமான இடம் உண்டு. நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் மின்வருடி எண்ணிம வடிவில் பேணிவருகிறது. நான் அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை வாசித்திருக்கிறேன். இறந்தவர் ஆணாக இருந்தால் அவர் மலாயாவில் என்ன வேலை செய்தார், எந்தச் சங்கத்தில் தலைவராக இருந்தார், எந்தக் கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினார் என்பதெல்லாம் கிடைக்கும். பெண்ணாக இருந்தால் அவருடைய கணவரைப் பற்றியும் பிள்ளைகளின் பட்டங்களைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். அவர் எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதைக்கூடச் சில மலர்களில் காண முடியாது.

ஆகவே பெரியவர் அவர்களிடம் பணிவாகச் சொல்கிறேன். இரண்டு பக்கம் என்ற அளவை இந்த ஒரு தடவை தளர்த்துங்கள். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரித்த, சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் துணி துவைத்த கைகளைப் பற்றி அந்தக் கைகளுக்கு உரியவர்களின் வீட்டார் எழுதாவிட்டால், எங்கள் தலைமுறை எங்கே போய்த் தேடும்? அம்மையார் கணக்குக் கொப்பி ஏதாவது எழுதியிருந்தால் தயவுசெய்து அதை எரித்துவிட வேண்டாம்.

சோனகத்தெருவின் மகள்:

மாஸ்டர், நான் புத்தளத்திலிருந்து எழுதுகிறேன். அன்ரி காலமான செய்தியை இங்கேதான் கண்டேன். மனம் மிகவும் கனக்கிறது. அந்தப் பொதி எங்களுடையது.

என் வாப்பா யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். கொக்கி தைப்பது, கைமடிப்பு அடிப்பது போன்ற வேலைகளைப் பல ஊர்களிலும் உள்ள பெண்களுக்கு வீட்டுவேலையாகக் கொடுப்பார். அன்ரி மாதத்தில் இரண்டு முறை வந்து துண்டுகளைக் கொண்டுபோவார். அவருடைய தையலைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று பிரித்தறிய முடியாது என்று வாப்பா சொல்வார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி முஸ்லிம்களாகிய எங்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் தந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அதற்கு முந்திய கிழமைதான் அன்ரி ஆறு சட்டைத்துண்டுகளைக் கொண்டுபோயிருந்தார். அவற்றைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? வீட்டைப் பூட்டிய திறப்பையே வாப்பா எங்கேயோ தவறவிட்டுவிட்டார்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வாப்பாவுடன் ஊருக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே ஆலங்கன்று ஒன்று முளைத்திருந்தது. வாப்பா அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு தம்மிடம் வேலை செய்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றார். கோண்டாவிலுக்கு வந்தோம். நீங்கள் அப்போது பாடசாலையில் இருந்தீர்கள். அன்ரி எங்களை முன் விறாந்தையில் இருத்திவிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பின்பு உள்ளே போய்ப் பொதியைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆறு துண்டும் இருந்தன. கொக்கி தைத்து, கைமடிப்பு அடித்து, மடித்து, இடையில் வேப்பிலை வைத்திருந்தார். ஊதா நிறத் துண்டு ஒன்றில் மட்டும் ஓரத்தில் தண்ணீர்க் கறை. "செம்மணியில நனைஞ்சிட்டுது, நானா. குறை நினைக்காதேங்கோ" என்றார். வாப்பா கூலியை எடுத்து நீட்டினார். அன்ரி வாங்க மறுத்தார். "கூலி வாங்காவிட்டால் நான் பொதியை வாங்கமாட்டேன்" என்று வாப்பா சொன்னார். அன்ரி யோசித்துவிட்டு, 1990இல் இருந்த கூலியை மட்டும், துண்டுக்கு மூன்று ரூபாய் வீதம், கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்குத் திரும்பக் கிடைத்த பொருள் அந்தப் பொதி ஒன்றுதான். வாப்பா மௌத்தாகுமட்டும் அதை விற்கவும் இல்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இணுவில் பெரியவர்:

இரண்டு பக்கம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாத்தியார் வேண்டிய அளவு எழுதட்டும். அச்சுச் செலவில் ஒரு பங்கை என் குடும்பம் ஏற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு கேட்கிறேன்.

கோண்டாவில் வாத்தியார்:

மகளே, உம்முடைய வாப்பா வந்துபோனதை என் மனைவி என்னிடம் சொன்னார். பொதியைப் பற்றிச் சொல்லவில்லை. செம்மணியில் நான் கோபித்ததை எனக்கு நினைவூட்டக் கூடாது என்று நினைத்திருப்பார்.

நேற்று இரவு மகளும் நானுமாகக் குசினித் தட்டின் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கணக்குக் கொப்பிகள் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலுக்குப் புதுக் கொப்பி தொடங்குவது அவர் வழக்கம். இடப்பெயர்வுக்கு முந்தியவை கறையான் அரித்துத் தூளாகிவிட்டன. 1996ஆம் ஆண்டுக்குக் கொப்பி இல்லை. நாங்கள் அப்போது மீசாலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பதினொரு குடும்பங்களோடு இருந்தோம். சித்திரையில்தான் வீடு திரும்பினோம். அந்த ஆண்டுக் கணக்கை மகளின் பழைய விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் "வரவேண்டியது", வலப்பக்கம் "குடுக்கவேண்டியது". வரவேண்டியதன் கீழ் ஒன்றும் இல்லை. குடுக்கவேண்டியதன் கீழ் மூன்று வரிகள்:

"மண்டபத்து ஐயர் வீடு, அரிசி 2 சுண்டு.
பின்வளவு, பிள்ளையின்ர பால்மா அரை ரின்.
சோ. தெரு, சட்டைத்துண்டு 6."

முதல் இரண்டு வரிகளும் மாசி மாதத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மூன்றாவது வரி 1997ஆம் ஆண்டுக் கொப்பியின் முதற்பக்கத்தில் மறுபடியும் இருக்கிறது. 1998இலும் இருக்கிறது. 1999, 2000, 2001 என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அதை அவர் புதிய கொப்பிக்கு மாற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கொப்பிகளை நான் பார்க்காதவன் அல்லன். வரிப்பணம் கட்டிய நாளைத் தேடி எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். "சோ. தெரு" என்பது ஏதோ கடைக்கடன் என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறேன். 2002ஆம் ஆண்டுக் கொப்பியில் அந்த வரி வெட்டப்பட்டு, வரவுப் பக்கத்தில் "கைமடிப்புக் கூலி, ரூ. 18" என்று எழுதப்பட்டிருக்கிறது.

மலரின் ஒழுங்கைத் தீர்மானித்துவிட்டேன். பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் வழமைபோல வரும். புலம்பல் இல்லை. வாழ்க்கை வரலாறு அவர் பிறந்த ஆண்டில் தொடங்கும். அதன்பின் வருவது அவர் எடுத்த பரீட்சை; அதன்பின் 1974ஆம் ஆண்டுக் கடிதமும், நான் சொன்ன சொல்லும், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நான் போன விதமும். காணியும் தூளும் நூல் சீலையும் வரும். புத்தளத்து மகள் சம்மதித்தால் அவர் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் அவர் பெயரிலேயே சேர்ப்பேன். கிருத்தியத்தன்று மதிய போசனத்துக்கு அவர் தம் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பமும். மரக்கறிச் சாப்பாடுதான்.

கொப்பியின் 1996ஆம் ஆண்டுப் பக்கத்தைப் படமெடுத்து அட்டையின் உட்பக்கத்தில் போடும்படி அச்சகத்தாரிடம் கொடுத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கணினியில் கறுப்பாக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.